எடைமேடையில் ஏறாதவை

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள தம்பிக்கு,

கடந்த சனிக்கிழமை மாலை, நகராட்சி ஆணையர் கையெழுத்திட்ட சுற்றறிக்கை ஒன்று எங்கள் குப்பைக் கிடங்கு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. ‘நமது நகரம் பூஜ்ஜியக் கழிவு நிலையை எட்டிவிட்டதால் மார்ச் முதல் தேதியிலிருந்து கிடங்கின் எடைமேடை இயங்காது’ என்பது அதன் முதல் வரி. கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். மறுநாள் காலை லைன்மேன் வந்து, நான் லாரிகளை எடை போடும் அந்த மேடைக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்தார். இவை நான் நேரில் பார்த்தவை.

இனிச் சொல்வது கேள்விப்பட்டது. மத்திய அரசின் சட்டப்படி, கிடங்கின் எடைமேடையில் ஏறிப் பதிவாகும் பொருள்தான் கழிவாம். அதில் ஏறாத எதுவும் கழிவே இல்லையாம். இதைச் சொன்னவர் சுகாதார ஆய்வாளர். சிரிக்காமல் சொன்னார்.

கிடங்குச் சுவரின் வடக்குப் பக்கத்தை இடித்துப் புதிதாக ஒரு கேட் வைத்திருக்கிறார்கள். டிசம்பரிலேயே சோதனை ஓட்டம் என்று பாதி வண்டிகளை அந்த வழியாக விட்டார்கள். இப்போது எல்லா வண்டியும் அங்கேதான். உள்ளே போய்க் கொட்டுகிற இடத்துக்கு மீள்வள முற்றம் என்று பெயர்ப்பலகை. பலகையில் பச்சை இலை வரைந்திருக்கிறது. பலகைக்குப் பின்னால் இருப்பது நான் பத்தொன்பது வருடமாக எடை போட்ட அதே குப்பை. முற்றத்திலிருந்து எங்கள் தெரு முனைக்கு இருநூற்று எண்பது மீட்டர். நானே நடந்து அளந்தேன்.

அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று உன் மாமா சாப்பாட்டைப் பாதியில் வைத்தார். என்னைக் கல்யாணம் செய்வதற்கு முன்பிருந்தே, இருபத்தாறு வருடமாகத் தீயணைப்புத் துறையில் இருக்கிறவர். “இப்படி அழுத்தி அழுத்திக் கொட்டினா உள்ள சூடு பிடிக்கும். ஒருநாள் பத்திக்கும். அன்னைக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்க” என்றார். எழுந்து போய்க் கை கழுவினார்.

நீ இருப்பது தலைநகரத்தில், பூஜ்ஜியக் கழிவுத் திட்டத்தின் பிரிவிலேயே. ஜூலையில் போனில் பேசியபோது, “அக்கா, இது பாலிசி, உனக்குப் புரியாது” என்றாய். நான் பேச்சை முறித்துக்கொண்டேன். எட்டு மாதம் ஆயிற்று. போன் பண்ணினால் மீட்டிங்கில் இருப்பாய். அதனால் எழுதுகிறேன். ஒரே ஒரு கேள்வி: அந்த வரையறையை எழுதிய மேதை யார்?

அக்கா

*

மார்ச் 8, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உறை மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்துவிட்டேன். படித்து முடித்தபோது எனக்குத்தான் சரியில்லை.

நீ கேள்விப்பட்டது உண்மை. சட்டத்தின் இரண்டாம் பிரிவில் அந்த வரையறை இருக்கிறது. ஆனால் அக்கா, இதை வேறு பக்கத்திலிருந்தும் பார். ஒரு நாடு பூஜ்ஜியக் கழிவு என்று அறிவித்தால் முதலில் எந்த வருடத்துக்குள் என்று சொல்ல வேண்டும். பிறகு எதை எண்ணுவது என்று சொல்ல வேண்டும். எண்ண முடியாததை நிதித்துறை ஏறெடுத்தும் பார்க்காது. வெளிநாட்டுக் குழுக்கள் வரும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன், எல்லோருக்கும் இதே தலைவலிதான். ஒரு நாட்டில் எரிப்பதைக் கழிவு என்று எண்ணுவதில்லை. இன்னொன்றில் கப்பலேற்றி அனுப்பியதை எண்ணுவதில்லை. நாங்கள் புதைப்பதை எண்ணுகிறோம். புதைக்குமுன் மேடையில் ஏற்றுவதால் மேடையை எண்ணுகிறோம்.

நாங்கள் ஆசைப்பட்டது வேறு. ஆளுக்கு எவ்வளவு குப்பை உண்டாகிறது என்பதைத்தான் எண்ண நினைத்தோம். பொருளைத் தயாரிக்கிறவரே அதன் உறையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு பிரிவும் எழுதினோம். கம்பெனிக்காரர்களோடு ஏழு மாதம் கூட்டம் நடந்தது. ‘வாங்க வேண்டும்’ என்பது தேய்ந்து ‘வாங்குதல் ஊக்குவிக்கப்படும்’ என்றாயிற்று. மிஞ்சியது வரையறை மட்டும்தான். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மார்ச் 27 அன்று ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. பூஜ்ஜியத்தை எட்டிய நகரங்கள் பதினான்கு. பதினான்காவது உங்களுடையது. இயக்குநர் அந்தப் பக்கத்தைக் கலரில் அச்சிடச் சொல்லியிருக்கிறார்.

முற்றத்தைப் பற்றி விசாரித்தேன். அது ஆலைக்குப் போகக் காத்திருக்கும் மூலப்பொருள் என்று நகராட்சி எழுதியிருக்கிறது. எந்த ஆலை என்று எழுதவில்லை. மாமாவிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

உன் தம்பி

*

மார்ச் 12, வியாழன்

தம்பிக்கு,

நேற்று பகல் பன்னிரண்டு மணிக்கு முற்றத்தின் கிழக்குப் பக்க மேட்டில் இரண்டு மீட்டர் ஆழத்தில் வெப்பம் அறுபத்து மூன்று டிகிரி. அளந்தவர் உன் மாமா. அளந்தது அவர் நிலையத்தில் வைக்கோல் போர்களைச் சோதிக்க வைத்திருக்கும், வெப்பமானி பொருத்திய இரும்புக் கம்பி. முந்தைய வியாழக்கிழமை அதே குழியில் ஐம்பத்தைந்து.

கவலைப்பட வேண்டாம் என்று நீ சொன்னதை அவரிடம் சொன்னேன். “கம்பிகிட்ட சொல்லச் சொல்லு” என்றார்.

எனக்கு வேலை இல்லை. ஆனாலும் தினமும் எட்டு மணிக்கு எடையறையைத் திறந்து உட்காருகிறேன். இடமாற்ற உத்தரவு எதுவும் எனக்கு வரவில்லை. ஜன்னலிலிருந்து வடக்கு கேட் தெரியும். நாளொன்றுக்கு முப்பத்தாறு வண்டிகள் உள்ளே போகின்றன. இந்தப் பன்னிரண்டு நாளில் ஒரு வண்டிகூட ஆலைக்கென்று ஏற்றிக்கொண்டு வெளியே வரவில்லை. உள்ளே எத்தனை டன் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஆள் நான்தான்.

ரிவர்ஸை உனக்கு நினைவிருக்கிறதா? குறுகலான சந்தில் லாரியைப் பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு வருவாரே, அந்த டிரைவர். நேற்று டீ குடிக்க உள்ளே வந்தார்.

“அக்கா, நான் கொட்டறது குப்பை இல்லையாமே. மீள்வளமாம்.”

“ஆமாம். பதவி உயர்வு கிடைச்சிருக்கு உங்களுக்கு.”

“பேரை மாத்திட்டாங்க, சரி. நாத்தத்தையும் மாத்தியிருக்கலாம்ல? என் பொண்டாட்டி இன்னும் வாசல்லயே சட்டையைக் கழட்டச் சொல்றா.”

சிரித்தோம். போகும்போது அவரே நின்று, “மேல ஏத்தும்போது டயர் சுடுதுக்கா. நிஜமாத்தான்” என்றார்.

நீ இரண்டு பக்கம் எழுதினாய். நாடுகளைப் பற்றி எழுதினாய், கப்பல்களைப் பற்றி எழுதினாய். நான் கேட்டது ஒரே கேள்வி. அதற்குப் பதில் இல்லை. எந்த மடையன் எழுதினான்? பெயரைச் சொல், நான் அவனுக்கே எழுதுகிறேன். வாழ்நாளில் ஒரு குப்பை வண்டியைப் பக்கத்தில் நின்று பார்த்தவனாக இருக்க மாட்டான்.

மாமாவுக்கு இந்த மாதம் முழுக்கப் பகல் பணி.

அக்கா

*

மார்ச் 16, திங்கள்

அக்கா,

பார்த்திருக்கிறான். பத்து நாள் பக்கத்தில் நின்று பார்த்தான். எடையறையில் உன் எதிரே இருந்த ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்து, நீ போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே பார்த்தான்.

நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் கள ஆய்வு என்று வந்தேனே, அப்போது எடுத்த குறிப்பேடு இன்னும் என் மேசையில் இருக்கிறது. நான்காம் நாள் பக்கத்தில் நீ சொன்னதை எழுதி வைத்து அடிக்கோடு போட்டிருக்கிறேன். “என் மேடையில ஏறினாத்தான் குப்பை. ஏறாத வரைக்கும் அது உங்க வீட்டுச் சாமான்.” வரையறைக்காக மூன்று மாதமாகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒருவர் குப்பை என்பதை இன்னொருவர் பொருள் என்றார். அந்த நேரத்தில் உன் வாக்கியம் எனக்குக் கதவு திறந்தது போலிருந்தது. அதைக் கோட்டு போட்டு, டை கட்டி, சட்ட மொழியில் எழுதினேன். ‘அங்கீகரிக்கப்பட்ட கிடங்கின் எடைமேடையில் ஏறிப் பதிவான பொருளே கழிவு.’ இயக்குநர் முதல் முறையாக என் தோளில் தட்டினார்.

பாலிசி உனக்குப் புரியாது என்று உன்னிடம் சொன்னேன். உன் வாக்கியத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சொன்னேன். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் எட்டு மாதமாக நானும் போன் செய்யவில்லை.

பதினான்கு நகரங்களின் கோப்புகளையும் சனிக்கிழமை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதில் எடைமேடை மூடப்பட்டிருக்கிறது. ஒன்பதிலும் முற்றங்கள். ஒரு முற்றத்துக்கு ‘வளப் பூங்கா’ என்று பெயர்.

இயக்குநரிடம் அறுபத்து மூன்று டிகிரி என்று சொன்னேன். “எந்த அட்டவணையில இருக்கு அது?” என்று கேட்டார். எந்த அட்டவணையிலும் இல்லை. சட்டத்தைத் திருத்த எப்படியும் ஓர் ஆண்டாகும். அதுவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மாமாவைக் கொஞ்சம் விடுப்பு எடுக்கச் சொல்லேன்.

தம்பி

*

மார்ச் 23, திங்கள்

தம்பிக்கு,

மார்ச் 20, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு முற்றத்தின் கிழக்கு மேட்டில் புகை கண்டதாக முதல் அழைப்பு. தீயணைப்பு நிலையப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. அழைத்தவள் நான்.

முதல் வண்டி இரண்டு ஐம்பத்தொன்றுக்கு வந்தது. அதில் அவர் இருந்தார்.

மேலே தண்ணீர் அடித்தார்கள். மேடு குளித்ததே தவிர அணையவில்லை. உள்ளே கனலைத் தோண்டி வெளியே எடுக்க வேண்டும் என்று இரண்டு பேர் ஏறினார்கள். அவர் முன்னால். மேலே கெட்டியாகத் தெரிந்த இடம் உள்ளே எரிந்து கூடாகியிருந்தது. வலது கால் முழங்கால் வரை இறங்கிவிட்டது. பின்னால் வந்தவர் பெல்ட்டைப் பிடித்து இழுத்திருக்கிறார். முகமூடி நழுவியதில் உன் மாமா இரண்டு நிமிடம் அந்தப் புகையைக் குடித்திருக்கிறார்.

நான் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். வடக்கு கேட்டை அவ்வளவு தெளிவாகப் பார்க்கிற ஜன்னல் அது.

காலில் தீக்காயம் சிறியது, பூட்ஸ் காப்பாற்றிவிட்டது. மூன்று நாளாக மூக்கில் குழாய். நேற்றுதான் பேசினார். “பூட்ஸ் போச்சா?” என்று கேட்டார். போச்சு என்றேன். “புதுசு அது” என்றார்.

விடுப்பு எடுக்கச் சொன்னாய். அவர் எடுத்தால் பின்னால் நின்றவர் முன்னால் ஏறுவார். அவருக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை காலையே வந்துவிட்டது. இவையெல்லாம் நடந்தபோது அது என் பையில்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான்கு முறை படித்தேன்.

அந்த வாக்கியத்தை நான் சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் ஏன் சொன்னேன் என்பதை நீ குறித்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு இரண்டு டிரைவர்கள் மேடையில் ஏறாமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய்க் கொட்டப் பார்த்தார்கள். வரிசையில் நிற்கச் சோம்பல். வண்டியை மறித்துக்கொண்டு அவர்களிடம் சொன்னேன்: ஏறினால்தான் குப்பை, இல்லையென்றால் அது உங்கள் வீட்டுச் சாமான், திருப்பிக்கொண்டு போங்கள். எல்லா வண்டியும் ஏற வேண்டும் என்பதற்காக நான் சொன்னதை, எந்த வண்டியும் ஏற வேண்டாம் என்பதற்கு நீ எழுதிவிட்டாய்.

உன்மேல் கோபமாக இருக்கத்தான் நினைக்கிறேன். வேலை நிறைய இருக்கிறது.

தீ அணையவில்லை. மண் போட்டு மூடியிருக்கிறார்கள். நேற்று கம்பி எழுபத்தொன்பது காட்டியது.

அக்கா

*

மார்ச் 25, புதன்

அக்கா,

மாமாவிடம் பேச வேண்டும் போலிருக்கிறது. குழாயை எடுத்த பிறகு சொல். வைய வேண்டும் என்றால் வையட்டும்.

நீ ஸ்பீட் போஸ்டில் அனுப்பிய கடிதம் நேற்றே வந்துவிட்டது. அதிலிருந்து ஒரு வரி என்னை உட்கார விடவில்லை. ‘எல்லா வண்டியும் ஏற வேண்டும்.’ உங்கள் நகரத்தின் கோப்பை மறுபடி எடுத்து, இந்த முறை கடைசித் தாளிலிருந்து முதல் தாளுக்குப் படித்தேன். ஒரு தாள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

சட்டத்தின் பதினோராம் பிரிவு: அங்கீகரிக்கப்பட்ட எடைமேடையை மூட அமைச்சகத்தின் எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும். ஆணையர் அதைக் கேட்கவே இல்லை. சுற்றறிக்கையை மட்டும் ஒட்டியிருக்கிறார். பதிவுப் பிரிவில் இரண்டு பேரை வைத்துத் தேடிவிட்டேன். உத்தரவு இல்லை. ஆக, உன் மேடை இன்றைக்கும் சட்டப்படி இயங்கும் மேடை. மின்சாரம் மட்டும்தான் இல்லை.

இனிமேல்தான் முக்கியம். நான் எழுதிய அந்த அசட்டு வரையறை இன்னும் அமலில் இருக்கிறது. முற்றத்தில் கிடப்பது உன் மேடையில் ஏறிவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து அது கழிவு. கழிவு என்றால் ஆறாம் பிரிவு பாயும். குடியிருப்பிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் அதைக் குவித்து வைக்கவே கூடாது. நகராட்சி அகற்றியே ஆக வேண்டும், மறுக்க முடியாது.

ஒரு வண்டி போதும் அக்கா. அது எங்கிருந்து வந்தது என்று சீட்டில் எழுது, மிச்சக் குவியலையும் மூலப்பொருள் என்று சொல்ல முடியாது.

பதினோராம் பிரிவின் சான்றளிக்கப்பட்ட நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ‘மூடல் உத்தரவு ஏதும் பிறப்பிக்கப்படவில்லை’ என்று என் கையெழுத்துடன் ஒரு கடிதமும் இருக்கிறது. இயக்குநரிடம் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

“கலர் பக்கம் அச்சாயிடுச்சு தெரியுமா?” என்றார்.

“தெரியும் சார். திருத்தத் தாள் ஒட்டலாம்.”

“பதினாலு பதிமூணா ஆகும்.”

“அஞ்சாக்கூட ஆகலாம் சார். ஒன்பது ஊர்ல மேடை மூடியிருக்கு.”

கோப்பை மூடி வைத்தார். “உனக்கு லைப்ரரி பிடிக்குமா?” என்று கேட்டார். அமைச்சகத்தில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நாடாளுமன்றக் குழு ஏப்ரல் 10 அன்று கூடுகிறது. எடைச்சீட்டுகள் 8ஆம் தேதிக்குள் என் கைக்கு வந்தால் திருத்தத் தாளோடு குழுவின் முன் வைப்பேன். லைப்ரரியிலிருந்தாவது வைப்பேன்.

தம்பி

*

மார்ச் 31, செவ்வாய்

அன்புள்ள தம்பிக்கு,

இன்று மாலை ஐந்து மணி வரை முற்றத்திலிருந்து ஐம்பத்தெட்டு வண்டிகள் எடைமேடையில் ஏறி வெளியேறியுள்ளன. மொத்தம் இருநூற்று முப்பத்தொன்பது டன் நானூறு கிலோ. ஆதாரம் என் பதிவேடு.

உன் உறை சனிக்கிழமை வந்தது. நகலை எடுத்துக்கொண்டு நேராக லைன்மேனிடம் போனேன். நின்றபடியே படித்தார். “எழுத்துல இருக்குல்ல? அப்ப நான் எதுக்குக்கா யோசிக்கணும்?” என்று ஏணியை எடுத்தார். அரை மணியில் மேடையின் சிவப்பு எண்கள் எரிந்தன. காலி மேடை பூஜ்ஜியம் காட்டியது. ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு நிஜ பூஜ்ஜியத்தைப் பார்த்தேன்.

தீயன்று மேடு சரிந்து வடக்கு கேட்டை அடைத்துவிட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமை, தோண்டிய கனல் கட்டிகளை ஏற்றிக்கொண்டு ரிவர்ஸ் பிரதான கேட்டுக்குத்தான் வர வேண்டியிருந்தது. மேடைக்கு முன்னால் நிறுத்தி, தலையை வெளியே நீட்டினார்.

“அக்கா, ஏறட்டுமா?”

“ஏறுங்க.”

“ஏறினா குப்பை ஆயிடுமாமே?”

“ஆயிடும்.”

“அப்பாடா” என்று ஏற்றினார். நான்கு டன் நூற்று அறுபது. ‘மீள்வள முற்றத்திலிருந்து’ என்று சீட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

திங்கள் காலை ஆணையரே வந்தார். “யாரைக் கேட்டு எடை போட்டீங்க?” என்றார். “வண்டி ஏறுது சார், மேடை சொல்லுது, நான் எழுதறேன்” என்றேன். உன் கடிதத்தை நீட்டினேன். படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். ஆடும் ஸ்டூலைக் காட்டினேன், உட்காரவில்லை. “பூஜ்ஜியக் கழிவு நகரம்னு மந்திரி கையால கொடி வாங்கியாச்சும்மா” என்றார். அதிகாரத்தோடு சொல்லவில்லை. எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. மதியத்துக்குள் அகற்றும் உத்தரவில் கையெழுத்தாகிவிட்டது. நகருக்கு வெளியே பழைய கல்குவாரிப் பக்கம், வீடுகள் இல்லாத இடத்தில், மெல்லியதாகப் பரப்பி ஆறவைக்கிறார்கள். அங்கே மண்ணும் நீரும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. உன் வரையறையில் அதற்கும் இடமில்லை. திருத்தும்போது நினைவில் வை.

27ஆம் தேதி ரேடியோவில் பதினான்கு நகரங்கள் என்றே சொன்னார்கள். எங்கள் ஊர்ப் பெயர் வந்தபோது வார்டில் ஒருவர் கை தட்டினார். உன் மாமா இருமினார்.

குழாயை எடுத்துவிட்டார்கள். நாளை வீட்டுக்கு வருகிறார். உன் கடிதங்களைப் படித்துக் காட்டினேன். உன்னை வையவில்லை. “அவன் கையெழுத்துப் போட்டுட்டானா?” என்று மட்டும் கேட்டார். போட்டுவிட்டான் என்றேன். “அப்ப லைப்ரரிக்குத்தான் போவான்” என்று கண்ணை மூடிக்கொண்டார். சிரித்த மாதிரி இருந்தது.

முதல் ஐம்பத்தெட்டு சீட்டுகளின் நகல் இத்துடன். மீதி தினமும் தபாலில் வரும். 8ஆம் தேதிக்குள் வந்தவை உனக்கு. குழு 10ஆம் தேதி கூடுகிறது என்கிறாய். உன் இடமாற்ற உத்தரவு எப்போது வரும் என்று நீ எழுதவில்லை, தெரிந்தால் எழுது. உன் மாமாவின் மூச்சுப் பரிசோதனை முடிவு வெள்ளிக்கிழமை கிடைக்கும்.

கிழக்கு மேட்டில் இன்று கம்பி எழுபத்தொன்று. மேட்டின் நடுவில் இருக்கும் கனலை எட்டி அணைக்க 11ஆம் தேதி ஆகும் என்று நிலைய அலுவலர் சொல்கிறார். முடிவு நல்லபடியாக வந்தால் உன் மாமா 6ஆம் தேதி, திங்கட்கிழமை, பணிக்குத் திரும்புகிறார். புது பூட்ஸுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. நடுவில் ஐந்து நாள் அவர் மறுபடி அந்த மேட்டில் ஏற வேண்டியிருக்கும். இப்போது நாளொன்றுக்குப் பத்தொன்பது வண்டி. ரிவர்ஸிடமும் மற்றவர்களிடமும் இருபத்தைந்தாக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். நாளைக் காலை சொல்வதாகச் சொன்னார்கள்.

அக்கா